வெள்ளிக்கிழமை கசியும் ரத்தம்: முதலில் கட்டுப் போடுங்கள்

கேள்வி: ஃபாதர், நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். என் அக்கா மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். பக்தியான பிள்ளை. இந்தத் தவக்காலத்தில் மூன்று வெள்ளியாக, கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம் கசிகிறது. வெள்ளிக்கிழமை முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி நோன்பு இருக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா கையில் மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டார். ராத்திரி சோப்புப் போட்டுக் கழுவியதும் கை இன்னும் சிவந்து, தண்ணீரே ரத்தமாக ஓடியது. பார்த்தவர்கள் மண்டியிட்டுவிட்டார்கள். ஜெபக்கூட்டம் நடத்துகிற ஒருவர், “இது பியோ சுவாமிக்கு வந்த ஐந்துகாய வரம், சிலுவையில் ஆண்டவருக்குப் பட்ட காயங்களே இவள் உடம்பிலும் தெரிகின்றன, டாக்டரிடம் காட்டினால் வரம் போய்விடும்” என்கிறார். யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ரத்தம் துடைத்த துணியைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், காசும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அக்கா வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அக்கா இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறார், லீவு நாளில் பிள்ளையும் கூடப் போய் உரிப்பாள். பங்குச் சாமியார் பிடிகொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். இது வரமா, நோயா? பெரிய வெள்ளிக்கு அவளைக் கோயிலுக்கு அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வரமா நோயா என்பதற்கு இன்றைக்கே பதில் தெரிந்தாக வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் கையில் ரத்தம் வருகிறது. அதற்குத்தான் இன்றைக்கே வைத்தியம் வேண்டும். இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். மருத்துவ விவரங்களைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன்.

டாக்டரிடம் காட்டினால் வரம் போய்விடும் என்று திருச்சபை எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அந்த ஜெபக்கூட்டக்காரர் சொன்ன பியோ சுவாமியின் கதையையே எடுத்துக்கொள்வோம். தென் இத்தாலியில் சான் ஜொவான்னி ரொத்தோந்தோ என்ற ஊரின் கப்புச்சின் சபைத் துறவியர் மடத்தில், 1918 செப்டம்பர் 20 அன்று அவருக்குக் காயங்கள் வெளிப்பட்டன. மறு ஆண்டே மூன்று மருத்துவர்கள் அடுத்தடுத்து வந்து சோதித்தார்கள்: லூயிஜி ரொமானெல்லி, அமிக்கோ பிஞ்ஞாமி, ஜொர்ஜோ ஃபெஸ்தா. பியோ சுவாமி தடவிவந்த அயோடின்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்று பிஞ்ஞாமி சந்தேகப்பட்டார். அதை நிறுத்தச் சொல்லி, சாட்சிகள் முன்னால் கட்டுப் போட்டு முத்திரை வைக்கச் சொன்னார். கட்டைப் பிரித்தபோது புண் ஆறியிருக்கவில்லை என்று மடத்துத் துறவியர் சாட்சி சொன்னார்கள். 1921-ல் ரோம் அனுப்பிய ஆயர் ரஃபாயேலே ரொஸ்ஸி வந்து சத்தியப் பிரமாணம் வாங்கி விசாரித்தார். மருந்துக்கடையில் தோலை அரிக்கும் கார்பாலிக் அமிலம் வாங்கியது எதற்கு என்றுகூடக் கேட்டார். ஊசி போடும் சிரிஞ்சுகளைச் சுத்தம் செய்ய என்று பதில் வந்தது. இத்தனை சோதனைக்குப் பிறகும் அந்தக் காயங்கள் 1968-ல் அவர் சாவதற்குச் சற்று முன்வரை, ஏறக்குறைய 50 வருடம் இருந்தன. இறந்த உடலைப் பார்த்தபோது கையில் தழும்புகூட இல்லை.

காயத்தைப் பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்று கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் தோமையாரை நினைவுபடுத்துங்கள். சாந்தோமில் யாருடைய கல்லறைமேல் பேராலயம் கட்டி வைத்திருக்கிறோமோ, அவர்தான் “ஆணி பாய்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்” என்றவர். ஆண்டவர் அவரை விரட்டவில்லை, கையை நீட்டினார்.

இனி மஞ்சள் விஷயம். அது ரத்தம் இல்லை. மஞ்சளில் இருக்கிற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் செக்கச்செவேலென்று ஆவது இதனால்தான். சோப்பும் காரம். காய்ந்த மஞ்சள் பற்றின்மேல் சோப்பைத் தேய்த்தால் உங்கள் கையிலும் என் கையிலும் அதே சிவப்புத்தான் ஓடும். உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: அன்று கை துடைத்த துணியில் சிவந்திருக்கும் இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். உடனே மஞ்சளுக்குத் திரும்பினால் அது மஞ்சள் கறை. ரத்தக் கறை எலுமிச்சைக்கு அப்படித் திரும்பாது. காயக் காயப் பழுப்பாகும். பக்கத்து வீட்டு அம்மா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அவர்மேல் யாரும் வருத்தப்பட வேண்டாம். அன்றைக்கு மண்டியிட்டவர்களிடம் மட்டும் இதைச் செய்து காட்டிவிடுங்கள். கூட்டத்தில் பாதி குறையும்.

அதற்கு முன்னால் கசிந்தது நிஜ ரத்தமாகவே இருக்கலாம். அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நல்ல வெளிச்சத்தில், ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு நிதானமாகப் பாருங்கள். தோல் கிழிந்திருக்கிறதா, வெடிப்பா, குத்திய புள்ளியா, அல்லது தோல் முழுசாக இருக்கும்போதே கசிகிறதா? உள்ளங்கையின் நடுவே பிறை வடிவத்தில் மூன்று நான்கு கீறல்கள் வரிசையாக இருந்தால் அது அவளுடைய நகமே பதிந்த தடம். முழங்காலில் நின்று சிலுவைப்பாதையின் 14 தலமும் கையை இறுக்கி மூடிக்கொண்டு ஜெபிக்கிற பிள்ளைகளுக்கு இது வரும், அவர்களுக்கே தெரியாது. பவனியில் மரச்சிலுவை தூக்குகிறாளா என்றும் கேளுங்கள். சிராய் ஏறியிருக்கலாம்.

இறால் உரிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் இதை முதல் வரியாகச் சொல்ல வேண்டும். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் மணிக்கணக்கில் ஊறுகிற தோல் தடித்து, விரல் மடிப்பிலும் உள்ளங்கைக் கோட்டிலும் வெடிக்கும். வெடிப்பு ஆழமாகப் போனால் கையை விரித்தாலே ரத்தம் வரும். இறால் கொம்பும் கெளுத்தி முள்ளும் குத்திய இடத்தில் கிருமி நுழைந்தால், இரண்டு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஊதாச் சிவப்பாக வீங்கி எரிச்சல் எடுக்கும். மீன் கையாள்கிறவர்களுக்கே உரிய தொற்று இது. பென்சிலினில் அடங்கிவிடும், விட்டுவிட்டால் பரவும். உள்ளங்கையில் பட்டாணி அளவுக்குச் சிவப்பாக ஒரு சதை வளர்ந்து, தொட்டாலே ரத்தம் கொட்டுவதும் உண்டு. அதைச் சின்ன அறுவையில் எடுத்துவிடுவார்கள்.

கையில் காயம் எதுவுமே இல்லாமல் ரத்தம் வருகிறதென்றால் ரத்தத்தைத்தான் சோதிக்க வேண்டும். பல் ஈறு, மூக்கு, மாதவிலக்கு எங்காவது அதிகமாக ரத்தம் போகிறதா, உடம்பில் அடிபடாமலே கன்றிப்போன இடங்கள் இருக்கின்றனவா என்று அக்காவை விசாரிக்கச் சொல்லுங்கள். ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரத்துக்கான இரண்டு சோதனைகள், சர்க்கரை ஆகியவை போதும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு 1.5 லட்சத்துக்குக் கீழே இருந்தால் மருத்துவர் மேற்கொண்டு பார்ப்பார். தலைவலி, வயிற்றுவலிக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஏதாவது போடுகிறாளா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கையில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால், பஞ்சால் தடவுவதுகூடத் தெரியவில்லை என்றால், தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும்.

அரிதான இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் கார்ட்னர், டயமண்ட் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த ஒரு நோய் உண்டு. மன உளைச்சலுக்குப் பிறகு, பெரும்பாலும் பெண்களுக்கு, முதலில் எரிச்சல் எடுத்து, பிறகு அதே இடம் வலியோடு கன்றிப்போகும். இன்னொன்று ரத்த வியர்வை: தோல் கிழியாமலே வியர்வையோடு ரத்தம் கசியும். ஒலிவ மலையில் ஆண்டவருடைய வியர்வை பெரும் ரத்தத் துளிகள்போல் விழுந்தது என்று லூக்கா எழுதியதை எல்லாரும் வாசித்திருக்கிறோம். அந்த நோய்க்கு இதயப் படபடப்புக்குக் கொடுக்கிற மாத்திரையையே கொடுத்து அடக்குகிறார்கள். பெயர் தெரிந்த நோய் என்பதால் பிள்ளையின் பக்தி பொய் ஆகிவிடாது.

பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். ரத்தம் நின்ற பிறகும் தோல் பேசும். அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்து, கிருமி நீக்கிய பஞ்சுத்துணி வைத்துக் கட்டுங்கள். இடையிடையே எடுத்து எடுத்துப் பார்த்தால் ரத்தம் நிற்காது. மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, விபூதி, மந்திரித்த எண்ணெய் எதையும் புண்ணில் வைக்காதீர்கள். மந்திரித்த எண்ணெயை நெற்றியில் பூசி ஜெபியுங்கள், போதும். ஆழமாகக் குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி வேண்டும். காய்ச்சல், சீழ், நாற்றம், கையிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, விரல் மடங்காமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். புண் ஆறும்வரை இறால் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒருசந்தியை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிரம்பியவர்களுக்கு. நோன்புக் கடமை 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான், அதுவும் 60-ஆம் வயது தொடங்கும்வரை. உங்கள் பிள்ளைக்கு 17. நோன்பு கடமையான பெரிய வெள்ளியன்றுகூடத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தண்ணீர் இல்லாமல் மார்ச் வெயிலில் பவனி போய், பரீட்சைக் கவலையும் சேர்ந்தால் மயக்கமும் பிதற்றலும் வரும். அதையும் நாலு பேர் காட்சி என்பார்கள்.

இப்போது சொல்வதை அக்காவிடம் தனியாகச் சொல்லுங்கள். அவளே தன் கையைக் காயப்படுத்திக்கொள்ளவும் கூடும். “பொய் சொல்கிறாள்” என்று நினைத்துவிடாதீர்கள். வாயால் சொல்ல முடியாத பாரத்தை உடம்பில் எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலருக்குச் செய்தது நினைவிலேயே இருக்காது. பரீட்சை பயமாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம், யாராவது தொந்தரவு செய்வதாகவும் இருக்கலாம். காயம் நேர்கோடாகவும் கூர்மையான ஓரத்தோடும் இருந்தால், வலக்கைக்காரப் பிள்ளைக்கு இடக்கையில் மட்டும் ஆழமாக இருந்தால், மருத்துவர் இதை யோசிப்பார். உறுதி செய்ய, காற்றுப் புகாமல் கட்டுப் போட்டு, ஒட்டுப் பட்டையின் விளிம்பில் கையெழுத்திட்டு, பத்துப் பதினைந்து நாள் பிரிக்காமல் வைப்பார். உள்ளே ஆறிவிட்டால் வெளியிலிருந்து ஏதோ படுவதுதான் காரணம் என்று தெரியும். இதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் செய்து, ஈரம் உள்ளே தேங்கினால் புண் அழுகிவிடும்.

நீங்கள் துப்பறிய வேண்டாம். பையைக் குடையாதீர்கள், கதவிடுக்கில் நின்று பார்க்காதீர்கள். பிளேடு, ஊக்கு, ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற காம்பஸ் இவற்றைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அக்காவோ நீங்களோ பக்கத்தில் உட்கார்ந்து, “கை வலிக்குதாம்மா? மனசுல ஏதாவது கஷ்டம் இருக்கா? எதுவா இருந்தாலும் நாங்க இருக்கோம்” என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் கேளுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும். யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

தாமே உண்டாக்கிய காயங்களைத் திருச்சபையும் பார்த்திருக்கிறது. 1588-ல் லிஸ்பன் நகரில் மரிய தெ லா விசித்தசியோன் என்ற மடத்துத் தலைவியின் காயங்களைப் பெரிய பெரிய ஞானிகளே நம்பினார்கள். விசாரணையில் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், வண்ணம் கழன்றுவிட்டது. ஜெம்மா கல்கானியின் கதை வேறு மாதிரி. இத்தாலியில் லுக்கா ஊர்க்காரர். 1899 ஜூனிலிருந்து வாராவாரம் வியாழன் மாலை தொடங்கி வெள்ளி வரை அவருக்குக் காயம் தெரியும். அந்த செப்டம்பரில் ஒரு மருத்துவர் ஈரத்துணியால் ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தார். அடியில் காயமே இல்லை. பிறகு ஆன்ம குரு, இந்த அடையாளங்கள் நீங்கும்படி ஜெபிக்கச் சொன்னார். ஜெம்மா கீழ்ப்படிந்தார், அவை நின்றன. அவரைத் திருச்சபை 1940-ல் புனிதர் ஆக்கியது. ஆனால் அவருடைய புண்ணியங்களை அங்கீகரித்த ஆவணத்திலேயே, இந்த அசாதாரண நிகழ்வுகளைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை என்று எழுதிவைத்தது. துடைத்தபோது காயம் தெரியவில்லை என்பது அவர் புனிதத்தைக் குறைக்கவில்லை. அது இருந்திருந்தால் கூட்டியிருக்கவும் செய்யாது.

ஜெபக்கூட்டத்தில் இதைத்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஐந்துகாயம் ஒருவரைப் பரிசுத்தர் என்று நிரூபிக்கிற சான்றிதழ் கிடையாது. இறையியலில் இரண்டு வகை அருளைப் பிரித்துச் சொல்வோம்: ஆளையே பரிசுத்தமாக்குகிற அருள் ஒன்று, பிறருக்காக ஒருவரிடம் கொடுத்து வைக்கிற வரம் இன்னொன்று. ஐந்துகாயம் இரண்டாவது வகை. 1894-ல் பிரான்சு நாட்டு மருத்துவர் அம்பேர் கூர்பேர், அதுவரை ஐந்துகாயம் பெற்றதாகச் சொல்லப்பட்ட 321 பேரைப் பட்டியல் போட்டார், பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் புனிதர், அதற்கு முந்தின படியான முத்திப்பேறு பெற்றவர் வரிசைக்கு வந்தவர்கள் சிறுபான்மைதான்.

காயங்கள் எல்லாருக்கும் ஒரே இடத்தில் வருவதும் இல்லை. அசிசியாருக்கு, அதாவது அசிசி நகர் புனித பிரான்சிஸுக்கு, விலாக் காயம் வலப்பக்கம். பியோ சுவாமிக்கு இடப்பக்கம். ஆண்டவருடைய ஒரே விலாவைப் பார்த்துப் பதிந்த காயங்கள் இரண்டு பக்கமாக இருப்பானேன்? ஒவ்வொருவரும் சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் எந்தப் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் ஜெபித்தார்களோ, அதில் இருந்தபடியே உடம்பில் பதிந்திருக்கலாம் என்று இயேசு சபைக் குரு ஹெர்பர்ட் தர்ஸ்டன் போன்றவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆழ்ந்த தியானம் உடம்பையும் தொடும் என்பதைச் சபை மறுக்கவில்லை. அந்தத் தொடுதலில் இயற்கை எவ்வளவு, அருள் எவ்வளவு என்று அளப்பதில்தான் அவசரப்படுவதில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஐந்துகாயம் பெற்ற புனிதர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது. அசிசியாருக்கு 1224 செப்டம்பரில், லா வெர்னா மலையில், திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி அது நடந்தது. கையிலும் காலிலும் ஆணித் தலைபோலச் சதையே கறுத்துத் திரண்டிருந்தது, விலாவிலிருந்து அடிக்கடி ரத்தம் கசிந்து உள்ளாடையை நனைத்தது என்று அவர் வாழ்க்கையை முதலில் எழுதிய செலானோ தோமா சொல்கிறார். அவரோ கையை அங்கிக்குள் மூடிக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து இறக்கும்வரை, கூட இருந்த சகோதரர்களில் மிகச் சிலருக்குத்தான் அது தெரியும். சியன்னா கத்தரீன் 1375-ல் பீசா நகரில் காயங்களைப் பெற்றபோது, அவை வெளியே தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். வலி மட்டும் இருந்தது. பியோ சுவாமி விரல் நுனி மட்டும் தெரிகிற கம்பளிக் கையுறையைப் போட்டு மறைத்தார். 1923-ல் ரோம், இதில் இயற்கைக்கு மேற்பட்டது எதுவும் உறுதியாகவில்லை என்று அறிவித்தது. 1931-ல் மக்கள் முன்னால் பூசை வைக்கவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் தடை விதித்து, 1933-லிருந்துதான் படிப்படியாக நீக்கியது. அவர் எதிர்த்துப் பேசவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கேரளத்தில் திருச்சூர் பக்கம் புத்தன்சிறையில் பிறந்த மரியம் திரேசியா, 1876 முதல் 1926 வரை வாழ்ந்தவர். அவருக்கும் ஐந்துகாயம் உண்டு. அவருடைய அசாதாரண அனுபவங்களைப் பற்றி ஆயருக்குச் சந்தேகம் வந்து, 1902-லிருந்து 1905 வரை பேயோட்டும் ஜெபங்களை நடத்தச் சொன்னார். அவர் முணுமுணுக்காமல் உட்பட்டார். காயங்களை யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொண்டு, அம்மை வந்தவர்களையும் தொழுநோயாளிகளையும் தேடிப்போய்க் கவனித்தார், 1914-ல் திருக்குடும்ப சபையைத் தொடங்கினார். 2019 அக்டோபர் 13 அன்று புனிதர் ஆனார். ஊரைக் கூட்டிக் கையைக் காட்டியவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

உங்கள் பங்குச் சாமியார் பிடிகொடுக்காமல் பேசுவது அலட்சியம் என்று நினைக்காதீர்கள். அவர் இதைப் “புதுமை” என்று சொல்லவும் முடியாது, பீடத்தில் அறிவிக்கவும் முடியாது. 2024 மே 17 அன்று வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறைப்படி, விசாரிக்க வேண்டியவர் ஆயர். தேவைப்பட்டால் ஒரு இறையியலாளர், ஒரு சபைச் சட்ட வல்லுநர், விஷயத்துக்கு ஏற்ற ஒரு நிபுணர் ஆகியோரையாவது கொண்ட குழுவை அவர் அமைப்பார். முடிவுகள் ஆறு வகை. அதில் மிகச் சாதகமானதுகூட “தடையில்லை” என்பதுதான். இயற்கைக்கு மேற்பட்டது என்ற அறிவிப்பை ஆயர் தாமாகக் கொடுப்பதில்லை. குழு எதைப் பார்க்கும் என்றால், அந்த ஆளின் நேர்மை, போதனையில் பிழை இல்லாமை, எதிர்பாராமல் நிகழ்ந்ததா, நல்ல கனி உண்டா. காசு, புகழ், அதிகாரம் தேடுவது வெளிப்படையாகத் தெரிந்தால் அது எதிரான அடையாளம். இப்படிப்பட்ட அனுபவத்தைச் சொல்லி ஒருவரை ஆட்டிப்படைப்பதைத் ஒழுக்க அளவில் மிகக் கடுமையான தவறாகவே அந்த ஆவணம் பார்க்கிறது.

பங்குச் சாமியார் கையில் ஒரு தாளைக் கொடுங்கள், பேச்சு தானாக வரும். ஒரே பக்கம் போதும்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கை, எவ்வளவு நேரம், அன்று என்ன வேலை செய்தாள், சாப்பிட்டாளா, யார் நேரில் பார்த்தார்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த கையின் படம் ஒன்று, முகம் வேண்டாம். மருத்துவ அறிக்கை வந்ததும் மூடிய உறையில் வையுங்கள். “வரம்” என்ற சொல்லை அந்தத் தாளில் எழுதாதீர்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள். சாந்தோம் பேராயர் இல்லத்துக்கு அனுப்புவதா என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் அங்கிருந்து ஒன்றும் வராது. விசாரணைக்கு எடுக்காததைப் பழியாக நினைக்க வேண்டாம்.

வீட்டு வாசலில் கூட்டத்தை இன்றே நிறுத்துங்கள். வருகிறவர்களிடம், “பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் பார்க்கிறார், உங்க வீட்டிலிருந்தே வேண்டிக்கோங்க” என்று சொன்னால் போதும். வாதம் வேண்டாம். வாங்கிய காசை யார் கொடுத்தார்கள் என்று தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள், தெரியாததைப் பங்குச் சாமியார் முன்னிலையில் ஏழைகள் நிதியில் போடுங்கள். வீடியோவைப் போட்டவரிடம் அக்காவும் வீட்டுக்காரருமே போய், 18 ஆகாத பெண் பிள்ளையின் முகம், அழித்துவிடுங்கள், அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள் என்று கேட்கட்டும்.

துணி யாருக்கும் கொடுக்கக் கூடாது. முத்திப்பேறு பெற்றவராகவோ புனிதராகவோ அறிவிக்கப்படாத யாருக்கும் பொது வணக்கம் செலுத்த சபைச் சட்டம் இடம் தருவதில்லை. உயிரோடிருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எப்படிச் செலுத்துவது? ரத்தத்தால் மஞ்சள்காமாலை போன்ற தொற்றுகள் பரவும் என்பதும் இருக்கிறது. துணிகளைக் கையுறை போட்டு எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் அரை மணி ஊறவைத்துத் துவைத்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்தது போகட்டும். இனி ஒரு நூல்கூட வெளியே போகக் கூடாது.

பெரிய வெள்ளிக்கு அவளைத் தாராளமாகக் கோயிலுக்கு அனுப்புங்கள். கையில் மருத்துவர் போட்ட கட்டோடு, அக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில், பின் வரிசையில் உட்காரட்டும். முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். போகும் முன் சாப்பிட வையுங்கள், ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும். மரச்சிலுவை தூக்க வேண்டாம். சிலுவை முத்தி செய்ய எல்லாரோடும் வரிசையில் போகட்டும். அங்கேயே ரத்தம் கசிந்தால் கட்டின்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். 15 நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அவசரப் பிரிவு; ராத்திரியிலும் திறந்திருக்கும். கசியாவிட்டால் வழிபாடு முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளை தூங்கட்டும். மிச்சப் பரீட்சைக்கு அவள் படிக்க வேண்டியிருக்கிறது.